ஓரெழுத்து ஒருமொழி

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஓரெழுத்து ஒருமொழி நினைவிருக்கும். ஆ என்றால் பசு, தீ என்றால் நெருப்பு, கை என்றால் கை. நன்னூல் இப்படி 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயின் நிலைகளைக் குறிக்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் விதிக்குள் 2018இல் இப்படி இரண்டு ஓரெழுத்துகள் நுழைந்தன. இரண்டும் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகள். ஒன்று 'ஆர்', ரேடியாலஜியின் முதலெழுத்து. மற்றது 'பி', பெத்தாலஜியின் முதலெழுத்து. ஒரு பெண்ணின் கோப்பில் '3சி1ஆர்' என்று இருந்தால், நோய் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விட்டது, அப்படிச் சொன்னது ஸ்கேன் படம் என்று பொருள். 'ஆர்' இருக்கும் இடத்தில் 'பி' இருந்தால் கணுவை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் இந்தப் பாடம் எந்த ஏட்டில் கண்டது என்று அடிக்குறிப்பு போடுவார்கள். அந்த வேலையைத்தான் இந்த எழுத்து செய்கிறது. என் தொழில் பாடபேதம் பார்ப்பது என்பதால் இது எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் இந்த ஓரெழுத்து உள்ளே வர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. அதுவரை ஸ்கேன் என்ன காட்டினாலும் நிலையைக் குறிக்கும் இடத்தில் அதை எழுதக் கூடாது என்பதே விதி.

அந்த விதியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2009இல் என் அத்தையின் கோப்பில் பார்த்தேன். முதல் பக்கத்தில் '2பி' என்று இருந்தது. பின்னால் செருகியிருந்த சி.டி. ஸ்கேன் அறிக்கை, இடுப்புக்குள் கணுக்கள் வீங்கியிருப்பதாகவும் நோய் பரவியிருக்கலாம் என்றும் சொன்னது. ஊர் வழக்கில் சொன்னால் உள்ளே நெறி கட்டியிருந்தது. ஒரே கோப்பில் இரண்டு பாடங்கள். பயிற்சி மருத்துவரான இளம்பெண்ணிடம் கேட்டேன். "ஸ்கேன்ல தெரிஞ்சாலும் ஸ்டேஜை மாத்த மாட்டோம் மேடம். ரூல் அப்படி. ஆனா ரேடியேஷன் பிளான் பண்றது ஸ்கேனைப் பாத்துத்தான்" என்றார். எழுதுவது ஒன்று, செய்வது ஒன்று. மறைப்பதற்கு எதுவுமில்லாத குரலில்தான் சொன்னார்.

இந்த விதியின் தொடக்கம் ரேடியத்தின் காலத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவையா, ரேடியமா என்று ஐரோப்பிய மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக்ஹோமில் ஒரு மருத்துவமனை இத்தனை பேர் பிழைத்தார்கள் என்றால், பாரிஸில் இன்னொன்று வேறு கணக்குச் சொல்லும். யார் எவ்வளவு முற்றிய நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் இந்தக் கணக்குகளை ஒப்பிட முடியாது. அதனால் சர்வதேச சங்கத்தின் புற்றுநோய்க் குழு 1929இல் நான்கு நிலைகளை வகுத்தது. கருப்பை வாயோடு நின்றால் முதல் நிலை. அதைத் தாண்டி, ஆனால் இடுப்பெலும்புச் சுவரைத் தொடாமல் இருந்தால் இரண்டு. சுவரைத் தொட்டுவிட்டால் மூன்று. சிறுநீர்ப்பை, மலக்குடல் அல்லது அதற்கும் அப்பால் போய்விட்டால் நான்கு. புற்றுநோய்களில் முதன்முதலாக உலகப் பொதுவாக நிலை வகுக்கப்பட்டது இதற்குத்தான். இன்று வீட்டுத் திண்ணையில்கூட "எந்த ஸ்டேஜாம்?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதப்பட்டது பெண்ணின் கருப்பை வாய்க்காக.

அதே 1929இல் லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் மேரி கியூரி மருத்துவமனை நோயாளிகளுக்குத் திறந்தது. பெண் மருத்துவர்களே நடத்திய மருத்துவமனை அது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ரேடிய சிகிச்சை தருவது அதன் முதன்மை வேலை. ஹெலன் சேம்பர்ஸ் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் அந்த முயற்சியின் முதுகெலும்பு. நம் ஊரில் அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கினார். இந்த இரண்டு கட்டிடங்களைப் பற்றியும் தனித்தனிக் கட்டுரை எழுதலாம். இங்கே சொல்ல வந்தது, இந்த நோயின் வரலாற்றில் பெண்கள் கட்டில்களில் மட்டும் இல்லை என்பது.

நிலையைக் கண்டுபிடித்தது எப்படி? கையால். ஒரு விரல் யோனி வழியாக, இன்னொன்று மலவாய் வழியாக. கருப்பை வாய்க்கு இரு பக்கமும் உள்ள திசு மெத்தென்று இருக்கிறதா, கட்டிபட்டு எலும்போடு ஒட்டிவிட்டதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் மயக்க மருந்து கொடுத்து, அனுபவமுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். இதோடு மார்பு எக்ஸ்ரே, சிறுநீர்ப் பாதை எக்ஸ்ரே, சிறுநீர்ப்பைக்குள்ளும் மலக்குடலுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்ப்பது, கால்போஸ்கோப் என்று ஒரு பட்டியல் அனுமதிக்கப்பட்டது. இரண்டு கண்டிப்பான வரிகளும் இருந்தன. சந்தேகம் வந்தால் கீழ்நிலையையே எழுத வேண்டும். ஒருமுறை எழுதிய நிலையை, பிறகு அறுவையில் வேறு எதைக் கண்டாலும், மாற்றக் கூடாது.

அந்தப் பட்டியலில் இருக்கும் கால்போஸ்கோப்பை வேகமாகக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. கருப்பை வாயை ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் இந்தக் கருவியை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மான் 1925இல் அறிமுகப்படுத்தினார். அவுஷ்விட்ஸ் முகாமின் தலைமை மருத்துவர் எட்வர்ட் விர்ட்ஸ், பத்தாம் எண் கட்டிடத்தில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பெண்களின் கருப்பை வாயை இந்தக் கருவியால் பார்த்து, படமெடுத்து, வெட்டி எடுத்த திசுவை ஹாம்பர்கில் இருந்த ஹின்செல்மானுக்கு அனுப்பினார். கைதியாக இருந்த பிரெஞ்சு மருத்துவர் அடலெய்டு ஹொட்வால் இந்த வேலைக்கு உதவ வைக்கப்பட்டார். என்ன நடக்கிறது என்று புரிந்ததும் இனி செய்ய மாட்டேன் என்று விர்ட்ஸிடமே சொன்னார். பிழைத்து வந்தார், பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். போருக்குப் பிறகு ஹின்செல்மான் தண்டிக்கப்பட்டது ரோமா பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த குற்றத்துக்காக. கருவி அப்பாவிதான். இன்று அது பல்லாயிரம் பெண்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் பெண்ணுடலுக்குள் பார்ப்பதன் வரலாற்றை எழுதும்போது, கேட்காமலே பார்க்கப்பட்ட பெண்கள் ஒரு பக்கம், பார்க்கவே ஆளில்லாத பெண்கள் மறுபக்கம் என்று இரண்டு பேரையும் எழுத வேண்டியிருக்கிறது.

விதிக்குத் திரும்புவோம். 1958இலிருந்து இந்த நிலைப்படுத்தலின் பொறுப்பு, ஃபிகோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பிடம் வந்தது. 1970களில் சி.டி. வந்தது, அடுத்த பத்தாண்டில் எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளுக்குள் வந்தது, பிறகு பெட் ஸ்கேன். (மனிதர்மேல் எடுக்கப்பட்ட முதல் சி.டி. மூளைப் படமே 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணுக்குத்தான். பொறியாளர் ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.) கருப்பை உள்வரிச் சவ்வில் வரும் புற்றுநோய்க்கு 1988இலேயே ஃபிகோ விதியை மாற்றி, அறுவையில் கண்டதை வைத்து நிலை எழுதலாம் என்றது. கருப்பை வாய்க்கு மட்டும் மாற்றவில்லை. உள்வரிச் சவ்வுப் புற்றுநோய் பணக்கார நாடுகளில் அதிகம். கருப்பை வாய்ப் புற்றுநோய் நம்மைப் போன்ற நாடுகளின் நோய். 2020இல் மட்டும் இந்தியாவில் 1,23,907 பெண்களுக்கு அது புதிதாக வந்தது, 77,348 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீடு. இந்த நாடுகளின் பெரும்பாலான மருத்துவமனைகளில் ஸ்கேன் இல்லை. எல்லோருக்கும் கிடைப்பது மருத்துவரின் கைவிரல் மட்டும் என்பதால், எல்லோருக்கும் கைவிரலே அளவுகோல்.

இந்தக் காரணத்தை முதலில் அறிந்தபோது எனக்கு மரியாதை வந்தது. ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்காததை யாருக்கும் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு சர்வதேச அமைப்பு சொல்வது அடிக்கடி நடப்பதில்லை. யோசிக்க யோசிக்கத்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. சமத்துவம் கணக்குப் புத்தகத்தில் இருந்ததே தவிர கட்டிலில் இல்லை. பணமுள்ள ஊரில் ஸ்கேன் எடுத்து, கணுவைப் பார்த்து, கதிர்வீச்சின் எல்லையை அதற்கேற்ப விரித்தார்கள். பிறகு கோப்பில் '2பி' என்று எழுதினார்கள். ஸ்கேன் இல்லாத ஊரிலும் '2பி' என்று எழுதினார்கள். கதிர் எட்டாத கணுவோடு ஒருத்தி வீட்டுக்குப் போனாள். தாளில் இரண்டு பெண்களும் ஒன்று.

கைவிரல் எவ்வளவு தெரிந்துகொள்ளும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். கட்டியை அது ஓரளவு அறியும். கணுவை அறியாது. ஜாக்ரெப்பில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கதிரியக்கவியல் மருத்துவர் ஹெட்விக் ஹ்ரிசாக், பெண்களின் இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ.யைப் பயன்படுத்துவதில் முன்னோடிகளில் ஒருவர். அவர் தலைமையில் 25 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. தொடக்க நிலை என்று கருதி அறுவைக்கு அனுப்பப்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு அது. நோய் கருப்பை வாயைத் தாண்டி முற்றியிருந்த 100 பெண்கள் என்று வைத்துக்கொண்டால், கைப்பரிசோதனை கண்டுபிடித்தது 29 பேரை, சி.டி. 42 பேரை, எம்.ஆர்.ஐ. 53 பேரை. அப்படி முற்றாத 100 பேரில் சரியாகச் சொன்னது கை 99 பேரை, சி.டி. 82 பேரை, எம்.ஆர்.ஐ. 74 பேரை. அதாவது கை பார்க்கத் தவறும், இல்லாததை இருப்பதாகச் சொல்வது அரிது. படம் கூடுதலாகப் பார்க்கும், சில சமயம் இல்லாததையும் பார்க்கும். ஸ்கேன் சொன்னால் தெய்வவாக்கு என்று நினைக்கும் நம் வழக்கத்துக்கு இந்த எண்கள் நல்ல மருந்து.

என் அத்தைக்கு இந்த விவாதம் எதுவும் தேவைப்படவில்லை. மாணவர்கள் நிறைந்த அறையில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கைவிட்டுப் பார்த்த நாளன்று மாலை, "அந்தக் குகைக்குள்ள எத்தனை நேரம் வேணும்னாலும் படுத்துக்கிறேன் கண்ணு, இது மட்டும் வேணாம்" என்றார். கருவியின் துல்லியத்தை அளப்பவர்கள் இதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.

படத்தை விதிக்குள் விட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985இல் அதற்கு வில் ரோஜர்ஸ் விளைவு என்று ஒரு நகைச்சுவையாளரின் பெயரை வைத்தார். என் வகுப்பறைக் கணக்கில் சொல்கிறேன். 'அ' பிரிவில் நன்றாகப் படிப்பவர்கள், 'ஆ' பிரிவில் தடுமாறுபவர்கள். 'அ' பிரிவில் கடைசியாக இருக்கும் நால்வரை 'ஆ' பிரிவுக்கு மாற்றுகிறேன். அவர்கள் போனதால் 'அ' பிரிவின் சராசரி உயரும். வந்தவர்கள் அங்கிருப்பவர்களைவிடப் பரவாயில்லை என்பதால் 'ஆ' பிரிவின் சராசரியும் உயரும். ஒரு மாணவிகூட ஒரு மதிப்பெண் அதிகம் வாங்கவில்லை. ஸ்கேனில் கணு தெரிந்த பெண்ணை இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாற்றினாலும் இதுதான். இரண்டு நிலைகளிலும் பிழைப்போர் விகிதம் உயரும், யாரும் ஒரு நாள் கூடுதலாக வாழாமலே. எங்கள் மருத்துவமனையில் இரண்டாம் நிலை நோயாளிகள் இத்தனை சதவீதம் குணமாகிறார்கள் என்று விளம்பரம் பார்க்கும்போது, அரசு மருத்துவமனையோடு அதை ஒப்பிடுவதற்கு முன், அங்கே நிலையை எழுதியது எது என்று கேட்க வேண்டும்.

படங்களில் ஏழைக்கும் எட்டியது அல்ட்ராசவுண்ட் ஒன்றுதான். அது மகப்பேற்றுக்காகப் பிறந்த கருவி என்றே பலரும் நினைக்கிறோம். 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியால் அவற்றைச் சோதித்தார். ஒப்பிட ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகார் ஆகியோரோடு சேர்ந்து அவர் 1958 ஜூனில் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியது. குணமாக்க முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் இந்தக் கருவி பெரிய சினைப்பை நீர்க்கட்டியைக் காட்டியது. அதை அகற்றினார்கள், அவள் பிழைத்தாள். கருவி முதலில் பெயர் வாங்கியது ஒரு பெண்ணின் சொந்த நோய்க்காக.

நம் ஊருக்கு வந்தபோது அது வேறொன்றானது. வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்த்துக் கலைக்கும் கருவியானது. பெண்கள் அமைப்புகள் போராடின. 1994இல் சட்டம் வந்தது, 2003இல் அது திருத்தி இறுக்கப்பட்டது. இயந்திரங்கள் பதிவு செய்யப்பட்டன, கருவுற்றவருக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் வந்தது. அந்தப் போராட்டம் சரியானது, இன்றும் தேவையானது. ஆனால் மொழியில் தங்கிவிட்ட ஒன்றைக் கவனிக்கிறேன். தமிழில் ஒரு பெண்ணிடம் "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்றால் எத்தனையாவது மாதம் என்று கேட்பதாகவே பொருள். மாதவிடாய் நின்று பத்து வருடம் கழித்து உதிரம் பட்ட 60 வயதுப் பெண், சிசுவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்று எழுதிய பலகைக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு நடுவில் உட்காரக் கூச்சப்பட்டு நாளைக் கடத்துகிறாள். அவளுக்குக் கருப்பை உள்வரிச் சவ்வின் தடிமனை அளந்து சொல்லும் அந்த ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அதே நேரம், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பயந்து ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதால் பயனில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, அல்ட்ராசவுண்ட் சோதனையோ ரத்தச் சோதனையோ சினைப்பைப் புற்றுநோய் மரணங்களைக் குறைக்கவில்லை என்று 2021இல் சொன்னது.

கருப்பை வாயை முன்கூட்டியே பார்க்க ஸ்கேன் தேவையே இல்லை என்பதற்குச் சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி 114 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். நம் சமையலறை வினிகரின் காரம்தான் அதற்கும். சந்தேகம் வந்தவர்களைச் சோதித்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். 2007இல் லான்செட்டில் வெளியான முடிவு, ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே அந்த ஊராட்சிகளில் இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததைக் காட்டியது.

மீதி 57 ஊராட்சிகளின் 30,958 பெண்கள் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு ஏற்கனவே கிடைத்து வந்த மருத்துவம் மட்டும். ஆய்வுக் காலத்தில் அவர்களில் 92 பேர் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். சோதனை என்ற ஒன்றே நாட்டில் இல்லாத காலத்தில் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் பக்க வாதம். பார்த்தால் பிழைப்பார்கள் என்று உலகுக்கு முன்பே தெரிந்த ஒன்றை நிரூபிக்க, பார்க்காமல் விடுவதற்கென்று ஒரு கூட்டத்தை வைத்திருந்தது தவறு என்று எதிர்ப்பாளர்கள் மருத்துவ அறவியல் இதழ்களில் எழுதினார்கள். அந்த ஆய்வால்தான் இந்த எளிய முறைக்கு வலுவான சான்று கிடைத்தது, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அது திட்டமாகவும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகும் நான் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான். லண்டனிலோ நியூயார்க்கிலோ இப்படி ஒரு ஒப்பீட்டுக் குழுவை அப்போது யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

2018இல் படத்தை உள்ளே விட்ட ஃபிகோ குழுவின் அறிக்கையில் முதல் பெயர் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நீரஜா பட்லா. ஸ்கேன் உள்ள ஊரும் இல்லாத ஊரும் ஒரே நாட்டுக்குள் இருப்பதை அறிந்த ஒருவரின் கை அந்த விதியில் தெரிகிறது. படம் எடுக்க முடிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் எதுவானாலும் சரி. முடியாவிட்டால் கைப்பரிசோதனை செல்லும். எந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கீழ்நிலை என்ற பழைய வரியும் இருக்கிறது.

ஆனால் 'ஆர்', 'பி' என்ற எழுத்துகள் ஒட்டுவது '3சி'யோடு மட்டும். கணுவில் நோய் இருந்தால்தான் அதை யார் பார்த்தார்கள் என்று எழுத்து சொல்லும். '2பி'க்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் வராது. ஸ்கேன் எடுத்து, கணுக்களில் ஒன்றுமில்லை என்று பார்த்து எழுதிய '2பி'யும், ஸ்கேனே எடுக்காமல் எழுதிய '2பி'யும் முதல் பக்கத்தில் இப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எந்தப் படம் என்று தனியாக எழுத வேண்டிய அந்த வரியைக் கோப்பில் தேட வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.